பைனலுக்கு வந்த வெளியாள்

உக்கிரபாண்டிக்குக் கோபம் மண்டைக்கு ஏறிவிட்டது. பைனல் தொடங்க அரை மணி நேரம்கூட இல்லை. மைதானத்து வாசலில் வந்து நின்ற ஜீப்பிலிருந்து முன்பின் தெரியாத மூன்று பேர் பூட்சும் பையுமாக இறங்குகிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்திலிருந்து அவன் டீமுக்குக் கூலிக்கு ஆட வந்தவர்கள்.

அவனுக்குத் தெரியாத சங்கதியா இது? ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்துப் பந்தயத்துக்கு வெளியாளைக் கூட்டிவருவது இந்த எல்லையோர ஊர்களில் வழக்கம்தான். பத்து வருஷம் அவனே அப்படித்தான் ஆடினான். சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறி மலைமேல் எல்லையான போடிமெட்டைத் தாண்டினால், ஞாயிற்றுக்கிழமை ஏதோ ஓர் ஊருக்குக் கோல் அடித்துக் கொடுத்துவிட்டுத் திரும்புவான். அவனுக்காக வெளியே உட்காரவைக்கப்பட்ட உள்ளூர்க்காரனின் முகத்தை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. முழங்கால் போய், போடி ஜீப் ஸ்டாண்டு டீமுக்கு மேனேஜராகிக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்தபோதுதான் அந்த ஆளின் வலி உறைத்தது. என் டீமில் வெளியாள் கிடையாது என்று முதல் நாளே சொல்லிவிட்டான். ஜீப் ஓட்டுகிறவனும் ஏலக்காய் மூட்டை தூக்குகிறவனும்தான் ஆடினார்கள். அவர்களை வைத்துத்தான் பைனல் வரை வந்திருக்கிறான்.

நேரே பந்தலுக்குப் போனான். டீமுக்குப் பணம் போட்டு நடத்தும் ஏலக்காய் வியாபாரி பிரபாகரன் மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

"யாரக் கேட்டு இவனுகள எறக்குனீங்க, மொதலாளி?"

"மெதுவாப் பேசு பாண்டி. நாலு பேரு பாக்குறாங்கல்ல?"

"பாக்கட்டும்! சேத்துலயும் மழையிலயும் ஓடிப் பைனலுக்குக் கொண்டாந்தது எம்பயலுக. கப்பு வாங்க மட்டும் வேற ஆளா? எம்பயலுக வயித்தெரிச்சலக் கொட்டிக்கிறீங்களே, நல்லா இருக்கா?"

"இங்க பாரு..."

"ஒண்ணும் சொல்ல வேணாம். அவனுகள்ல ஒருத்தன் உள்ள கால வச்சாலும், வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு நடு மைதானத்துல உக்காந்துருவேன்!"

பிரபாகரன் டம்ளரைக் கீழே வைத்தார். அவர் கோபப்படவில்லை, அதுதான் உக்கிரபாண்டிக்கு இன்னும் எரிந்தது.

"நானாக் கூப்பிடலப்பா. ஒங்காளுகதான் போன வாரம் கடைக்கு வந்து கேட்டாங்க. வேணும்னா சுருளியக் கேளு."

சுருளி கேப்டன், டீமின் ஸ்ட்ரைக்கர். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். தினமும் எஸ்டேட்டுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப் டிரைவர். வேப்பமரத்தடியில் டீம் சட்டையைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றான், வந்தவனுக்குக் கொடுப்பதற்கு.

"நீயாடா கேட்ட?"

"ஆமாண்ணே."

"ஏண்டா? ரோசம் கெட்டுப்போச்சா? நல்லாத்தானடா ஆடுனீங்க?"

சுருளி நிமிர்ந்து பார்த்தான். "அத இன்னைக்குத்தாண்ணே சொல்றீங்க. மூணு மாசமா என்ன சொன்னீங்க? கோல் அடிச்சாலும் திட்டு, அடிக்காட்டியும் திட்டு. நீங்கள்லாம் மூட்டை தூக்கத்தாண்டா லாயக்கு, பைனல்ல என் மானத்த வாங்கிருவீங்கன்னு சொன்னீங்க. நம்பிட்டோம்ணே."

உக்கிரபாண்டி சொன்னதுதான். தினமும் சாயங்காலப் பயிற்சியில் தவறாமல் சொன்னதுதான். திட்டினால் பயல்களுக்கு வேகம் வரும் என்று நினைத்தான். அவனை ஆளாக்கியவர்களும் அப்படித்தான் திட்டினார்கள். மற்ற ஆறு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அங்கே நடுவர் ஆடுகிறவர்களின் பட்டியல் கேட்டு இரண்டாம் தடவை கை தட்டினார்.

பேனாவை எடுத்துத் தன் பயல்கள் ஏழு பேரின் பெயரையும் எழுதினான். முதலில் சுருளி. எழுதி முடித்து அவனைப் பார்த்தபோது, என்னைவிட நீ நல்ல ஆட்டக்காரன்டா என்று சொல்லத் தொண்டை வரை வந்தது.

"சட்டையப் போடுடா, நாயே!" என்றுதான் வெளியே வந்தது.

அந்த அதட்டலுக்குப் பயந்துதான் சுருளி சட்டையை மாட்டினான்.