முதல் ‘டக்’

1

இந்தக் கதை ஒரு பெட்ரோல் பங்கில், வரிசையில் நின்றபோது கிடைத்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு யாராவது வந்து ‘இது எங்க சித்தப்பா கதை’ என்று உரிமை கொண்டாட வேண்டாம்.

எனக்கு முன்னால் நின்ற காரின் டேங்க் வாயருகே ஒருவர் காதைச் சாய்த்துக் குனிந்திருந்தார். டேங்க் நிறைந்ததும் பெட்ரோல் குழாய் ‘டக்’ என்று தானாக நிற்குமே, அந்தச் சத்தம் வந்த நொடியில் போடுகிறவரின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். “போதும். இதுக்கு மேல ஒரு சொட்டு வேண்டாம்.” காருக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கேட்டது: “அவர் சொல்றபடி விட்டுருங்க. ஒரு சொட்டு கூடிப்போனா வண்டிக்கு ஒண்ணும் ஆகாது, இவருக்குத்தான் அஜீரணம்.”

கார் போய்விட்டது. நான் பார்த்ததும் கேட்டதும் அவ்வளவுதான். மற்றதெல்லாம் வீட்டுக்கு வந்து இட்டுக்கட்டியது.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

‘பெட்ரோல் வாசனை தனக்குப் பிடிக்கும் என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, ஏனென்றால் —’

(ஏனென்றால் என்ன? எனக்கே தெரியவில்லை. காரணம் தெரியாமல் ‘ஏனென்றால்’ போடுவது கதவில்லாத சுவரில் தாழ்ப்பாள் அடிப்பது மாதிரி. விட்டுவிட்டேன்.)

2

முதல் வரைவில் அந்த மனிதர் கஞ்சன். எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர். இரண்டு பக்கம் நன்றாகவே வந்தது. மூன்றாம் பக்கத்தில் எனக்கு அலுத்துவிட்டது. கஞ்சனாக இருந்தால் அவர் காரை எடுக்காமலே இருந்திருப்பாரே? எல்லாவற்றையும் அழித்துவிட்டு அவருக்கு ஒரு வேலை கொடுத்தேன். அச்சகத்தில் பிழைதிருத்துநர். நாள் முழுக்கக் கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு ஒற்றெழுத்துகளை வேட்டையாடுகிறவர். உடனே அவருடைய குனிந்த முதுகு எனக்குப் புரிந்துவிட்டது.

மைலேஜ் பார்ப்பது அவருக்குச் சிக்கனம் அல்ல, நாடி பிடிப்பது. “வண்டி வாயைத் திறந்து பேசாது. லிட்டருக்கு எவ்வளவு ஓடினேன்னு மட்டும்தான் சொல்லும்” என்பார். முறை எளியது. டேங்கை நிரப்ப வேண்டும், ஓட்ட வேண்டும், மறுபடி அதே மட்டத்துக்கு நிரப்ப வேண்டும். ஓடிய தூரத்தை இரண்டாம் முறை போட்ட லிட்டரால் வகுத்தால் விடை. எல்லாம் ‘அதே மட்டம்’ என்பதில் இருக்கிறது. ஒருமுறை கழுத்து வரைக்கும் மறுமுறை மார்பு வரைக்கும் போட்டால் கணக்கு பொய் சொல்லும். அதனால் எப்போதும் ஒரே பங்க், ஒரே குழாய், முதல் ‘டக்’. அந்த வீட்டில் இது ஒரு வழக்கச் சொல்லாகவே ஆகியிருந்தது. சாப்பிடும்போது அவர் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டால், “முதல் டக் எப்பவோ கேட்டுச்சே” என்பாள் மனைவி.

3

கதை அவருடையது என்றுதான் நினைத்திருந்தேன். எழுத எழுத, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தவள் பக்கம் கை போய்விட்டது.

அவள் கண் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். ஐம்பது தாண்டி ஓட்டக் கற்று, முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கினாள். வாங்கி என்ன? கடைத்தெரு வரைக்கும் ஓட்டலாம், நெடுஞ்சாலை அவருக்கு. அவள் ஓட்டும்போது அவர் பக்கத்திலிருந்து இல்லாத பிரேக்கை மிதிப்பார். “தரையில ஓட்டை போட்டுராதீங்க” என்று ஒருநாள் சொன்னாள்.

மகள் வேலை கிடைத்து வேறு ஊரில் தனியாக வீடு எடுத்திருக்கிறாள். காரில் அரை நாள் வழி. கற்றுக்கொண்டிருந்த காலத்தில், “அம்மா கிளட்ச்சை விட்டா வண்டி தும்முது” என்று சிரித்தவள் அவள்தான். அந்த மகளின் வாசல்வரை தானே ஓட்டிக்கொண்டு போய் இறங்க வேண்டும். அம்மாவுக்கு வேண்டியது அது ஒன்றுதான். கேட்டபோது கணவர் கேலியாகச் சிரிக்கக்கூட இல்லை, நிஜமாகவே மறுத்தார். அதுதான் வருத்தமாக இருந்தது.

“உனக்கு வேகம் ஏத்தத் தெரியும், சீரா வச்சுக்கத் தெரியாது. மைலேஜ் பாத்தா தெரிஞ்சிடும்.”

“பாப்போம். ஆளுக்கு ஒரு டேங்க்.”

“பந்தயமா?”

“யாருக்கு மைலேஜ் கூட வருதோ, அவங்கதான் பாப்பா வீட்டுக்கு ஓட்டுறது.”

“பின்னாடி அழக் கூடாது.”

“நான் ஏங்க அழப்போறேன்? கைக்குட்டை உங்களுக்குத்தான் எடுத்து வைக்கணும்.”

4

இப்போது நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் ‘டக்’கோடு டேங்க் நிரப்பி அவர் தன் முறையை ஓட்டினார். தீர்கிற தறுவாயில் இருவரும் பங்குக்குப் போனார்கள். இந்த நிரப்பல் அவர் கணக்குக்கு முடிவு, அவள் கணக்குக்குத் தொடக்கம். வழக்கமாகப் போடுகிற ஆள் அன்று விடுப்பு. புதியவர் குழாயைச் செருகினார். கணவர் காதைச் சாய்க்கப் போகும்போது போன் அடித்தது. மகள். அவள் பேசினால் போனே தேவையில்லை. காருக்குள் இருந்த அம்மாவுக்கும் கேட்டது.

“அப்பா, ஹைவேல நீங்கதானே ஓட்டிட்டு வருவீங்க? அம்மா இல்லையே?”

டக்.

“சார், ரவுண்டா போட்டுரட்டுமா?” என்றார் புதியவர்.

“ஆமா, ஆமா. நான்தான், நான்தான்” என்று கணவர் போனுக்குத் தலையாட்டினார்.

டக். டக்.

மனைவியின் விரல் ஜன்னல் பொத்தானுக்குப் போய்விட்டது. கண்ணாடியை இறக்கி ஒரு சத்தம் போட்டிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் அந்த ‘நான்தான்’ அவள் விரலைப் பிடித்து நிறுத்தியது. பந்தயம் பாதியில் இருக்கும்போதே தீர்ப்பு சொல்லியாகிவிட்டதா? சரி, நடக்கட்டும் என்று கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

(இந்த இடத்தில் அவள் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. அது கோபமா, தந்திரமா? அவளைக் கேட்க முடியாது, என் கற்பனை. என்னைக் கேட்டால், முதலில் கோபம், அடுத்த திருப்பத்துக்குள் கொஞ்சம் தந்திரம்.)

கணவர் ரசீதை வாங்கி லிட்டரைப் பார்த்துப் பையில் வைத்தார். எத்தனை ‘டக்’ என்பது ரசீதில் வராது.

5

அவள் தன் டேங்கை அடுப்பில் பால் வைத்தவள் மாதிரி ஓட்டினாள். கண்ணை எடுக்கவில்லை, பொங்கவும் விடவில்லை. கடைசியில், பழைய ஆள் திரும்பி வந்துவிட்ட நாளில், முதல் ‘டக்’கோடு நிறுத்தி நிரப்பினார்கள். அன்று மாலை சாப்பாட்டு மேசையில் கணவர் வகுத்தார். ஒருமுறை. மறுபடி ஒருமுறை.

“எனக்கு பதினேழு புள்ளி ரெண்டு. உனக்கு பதினெட்டு புள்ளி நாலு.”

அவர் வகுத்த தாளை அவள் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

“ஆனைக்கும் அடி சறுக்கும்னு சொல்லிக்கலாமா?”

“இதுல ஆனை யாரு?”

அவர் சிரித்துவிட்டார். சாவியை மேசைமேல் அவள் பக்கம் தள்ளினார். அத்தோடு விட்டிருக்கலாம். அச்சகத்து நண்பருக்குப் போன் போட்டு, “எங்க வீட்டம்மா என்னை மண்ணைக் கவ்வ வச்சுட்டாங்க. பதினெட்டு புள்ளி நாலு! நீ ஓட்டுவியா அப்படி?” என்று பெருமையடித்துக்கொண்டார். தோற்றவருக்கு இவ்வளவு சந்தோஷம் வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அதுதான் குத்தியது. கூடுதலாகப் போன பெட்ரோல் அவர் செலவில் ஏறியிருந்தது; அவள் அதைச் சும்மா எரித்திருந்தாள். ஒரே தப்பு அவரைக் கீழே இழுத்து, அவளை மேலே தூக்கிவிட்டிருந்தது.

6

இனி என் பாடு.

கூடுதலாகப் போனது எவ்வளவு? கால் லிட்டர் என்று எழுதினால், கழித்துப் பார்த்தாலும் அவளே ஜெயிக்கிறாள், மனசாட்சிக்கும் வேலையில்லை. ஒன்றரை லிட்டர் என்று எழுதினால் உண்மையில் ஜெயித்தவர் அவர். குழாய் என் கையில்தான் இருக்கிறது. இரண்டையும் எழுதிப் பார்த்து இரண்டையும் அடித்துவிட்டேன். அவளுக்கு மூன்று ‘டக்’ மட்டும்தான் கேட்டது. அவளுக்குத் தெரியாத அளவை உங்களுக்கு மட்டும் காதில் ஓதினால், அவள் தனியாகத் தவிப்பதை நாம் இருவரும் திரைக்குப் பின்னால் நின்று பார்ப்பது போலாகும்.

முடிவுகள்:

(அ) அவள் வாயே திறக்கவில்லை. ஓட்டிப் போனாள். மகள் வாசலில் வந்து, ‘அம்மா, நீயா —’

(நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்தவரிடம் அரை நாள் வழி முழுக்க ஒன்றை மறைத்துக்கொண்டு அவள் ஓட்டுவாள் என்று எனக்குத் தோன்றவில்லை. சாலையில் கவனம் இருக்காது.)

(ஆ) பிழைதிருத்துநரே பிழையைக் கண்டுபிடிக்கிறார்.

(அதற்குத்தான் அவருக்கு அந்த வேலையைக் கொடுத்தேன் என்று நினைப்பீர்கள். வேண்டாம்.)

மிஞ்சியது கீழே இருப்பது.

7

காலை. பைகளை டிக்கியில் வைத்தாகிவிட்டது. அவள் இருக்கையை முன்னால் இழுத்து, கண்ணாடிகளைத் திருப்பி, வண்டியைக் கிளப்பி வைத்திருந்தாள். அவர் கேட்டைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, பக்கத்துக் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தார்.

“என்னங்க, ஏறுறதுக்கு முன்னாடி ஒண்ணு.”

“பாத்ரூம் லைட்டா? அணைச்சாச்சு.”

“அன்னிக்கு பங்க்ல பாப்பா போன் பண்ணாளே. நீங்க அவளுக்கு ஆமா போட்டீங்க. அந்தப் புது ஆள் தனக்குத்தான்னு நினைச்சு மேல மேல போட்டுட்டாரு. மூணு தடவை டக் கேட்டுச்சு.”

அவர் காலை வெளியே எடுத்துக்கொண்டார். “நீ பாத்துக்கிட்டா இருந்த?”

“கேட்டுக்கிட்டு இருந்தேன்.”

“அப்பவே சொல்றதுக்கு என்ன?”

“நான்தான் ஓட்டுவேன்னு அவகிட்ட அடிச்சுச் சொன்னீங்களே, பந்தயம் முடியறதுக்குள்ள. எனக்கு வாய் வரல.”

அவர் கதவின் மேல் விரலால் எதையோ எழுதி அழித்தார். “என் கணக்குல கூடியிருக்கு. உன் கணக்குல குறைஞ்சிருக்கு. எவ்வளவுன்னு இனிமே கடவுள் வந்தாலும் சொல்ல முடியாது. அப்ப பந்தயமே செல்லாதே!”

“செல்லாது.”

“அப்ப இறங்கு.”

“எதுக்கு?”

“நீயே சொன்னியே, செல்லாதுன்னு.”

“பந்தயம்தான் செல்லாது.” அவள் இரண்டு கையையும் ஸ்டீயரிங்கில் வைத்தாள். அதைச் சொல்லும்வரை அவளுக்கே தெரியாதது அடுத்து வந்தது. “என் லைசென்ஸ் செல்லும். ஏறுங்க.”

அவர் திறந்த கதவைப் பிடித்தபடி தெருவில் நிற்கிறார். முகத்தில் வருவது கோபமா சிரிப்பா என்று எனக்கு இங்கிருந்து தெரியவில்லை. முன்னால் ஏறலாம். ரோஷப்பட்டுப் பின்னால் ஏறலாம். பூட்டிய கேட்டைத் திறந்துகொண்டு உள்ளேயே போய்விடலாம். அதை உங்களிடம் விட்டுவிடுகிறேன். அவர் எங்கே போனாலும், அவள் இறங்கப் போவதில்லை.

முடிவைக் கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது, நின்ற இடத்தில் எரிவதையும் மைலேஜில்தான் கழிப்பார்கள்.