புனுகுப்பூனை குலத்து அத்தை

பத்தொன்பது வருடமாக எங்கள் கம்பாலா நகரத்தில் பெண்கள் புதன்கிழமை பேப்பரைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிக்கிறார்கள். அங்கே நான் இருக்கிறேன்: அத்தை நாகிகோசி. புருஷன் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தால் என்ன செய்வது, மாமியாரிடம் எப்படிப் பிழைப்பது, எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் உண்டு. இதையெல்லாம் பெண்ணுக்குத் தாய் சொல்லக்கூடாது, அப்பாவின் சகோதரிதான் சொல்லவேண்டும் என்பது எங்கள் வழக்கம். ஆகவே ஊருக்கே நான் அத்தை. தற்பெருமை என்றால் தற்பெருமைதான், வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் என் சொந்தப் பெயர் ரெஜினா. காதுக்கு நன்றாக இருக்கிறதென்று நாகிகோசி என்ற பெயரைப் பேப்பர் ஆசிரியர் கலிபாலா வைத்தார். எங்களிடையே பெயரைச் சொன்னாலே குலம் தெரிந்துவிடும். நாகிகோசி புனுகுப்பூனை குலத்துப் பெயர். நானோ காட்டெருமை குலம். அதனால் என்ன வந்துவிடப் போகிறது என்று இருவரும் இருந்துவிட்டோம்.

ஒரு திங்கட்கிழமை, ஸ்கோவியா என்ற பெண் அலுவலகத்துக்கு வந்து என் மேஜை முன்னால் மண்டியிட்டாள்.

"அத்தை, நானும் நாகிகோசிதான். நம்ம குலம்!"

அவளுக்கு அப்பா இல்லை. அப்பாவுக்கு உடன்பிறந்த பெண்ணும் இல்லை. சனிக்கிழமை மித்யானாவில் மாப்பிள்ளை வீட்டார் பெண் கேட்டு வருகிறார்கள். சபையில் மாப்பிள்ளை இவர்தான் என்று அடையாளம் காட்டுவது அத்தையின் வேலை. அத்தை இல்லையென்றால் அவர்களை வாசலோடு திருப்பி அனுப்புவேன் என்று பெரியப்பா சொல்லிவிட்டாராம்.

"எனக்கும் அத்தை இருக்காங்க, பேப்பர்ல எழுதறாங்கன்னு சொல்லிட்டேன். நான் பெரிய மனுஷியானப்போ என்ன செய்யணும்னு உங்களப் படிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

அத்தையாகப் போய் நின்றுவிடலாம். பாட்டன் பூட்டன் பெயர்களை மனப்பாடம் செய்து ஒப்பித்தும் விடலாம். ஆனால் வேற்றுக் குலத்தாள் நடத்திவைத்தது என்று பிறகு தெரிந்தால், இவள் கல்யாணத்தைத்தான் பழிப்பார்கள்.

"நான் காட்டெருமைடி, கண்ணு," என்றேன்.

அவள் எழுந்திருக்கவில்லை. "அப்போ எனக்கு யாருமே இல்லையா?"

அன்று மாலையே நான் எழுதியதைப் படித்துக் கலிபாலா குதித்தார்.

"பேரு பொய்யின்னு நாமளே அச்சடிக்கணுமா? உனக்கென்ன பைத்தியமா?"

"அச்சடிக்கலேன்னா அத்தை இன்னிலேருந்து ஊமை. நீங்களே எழுதிக்குங்க, மாமியார் தொல்லைக்கு மருந்து."

புதன்கிழமை பேப்பரில் வந்துவிட்டது: 'இந்தப் பெயர் எனக்குச் சொந்தமில்லை. புனுகுப்பூனை குலத்து மகள்களே, மித்யானாவில் உங்கள் அண்ணன் மகள் ஒருத்தி அத்தை இல்லாமல் நிற்கிறாள். சனிக்கிழமை பத்து மணி.'

சனிக்கிழமை நான் போனபோது பெரியப்பா வாசலில் கைகட்டி நின்றார். மாப்பிள்ளை வீட்டார் வண்டிகள் சாலையில் காத்திருந்தன. மணி பத்தேகால். யாரும் வரவில்லை. என் பேனாவின் லட்சணம் இவ்வளவுதானா என்று சாலையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது ஒரு வேன் வந்து நின்றது. அதன் பின்னால் இன்னொன்று. பட்டுடுத்திய பெண்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள், பதினொரு பேர். பெரியப்பா ஒவ்வொருத்தியிடமும் அப்பா, தாத்தா, கிளை என்று துருவித் துருவிக் கேட்டார். ஒருத்தியும் தடுமாறவில்லை.

"சரி, இதுல யாரு அத்தை?"

"நான்தான்!"

"ஆமா, பெரிய இவ! நான் மசாக்காவிலேருந்து ரெண்டு வண்டி மாறி வந்திருக்கேன்."

"எல்லாரும் வாங்கம்மா, சாமி!" என்று பெரியப்பா கையெடுத்துக் கும்பிட்டார்.

பதினொரு அத்தைகளுக்கு நடுவில் ஸ்கோவியா நடந்து போனாள். நான் விருந்தாளிகள் வரிசையில் உட்கார்ந்து, வெட்கமில்லாமல் அழுதேன்.

பக்கத்து நாற்காலிக்காரி கேட்டாள்: "நீங்க பொண்ணுக்கு என்ன வேணும்?"

"உறவு ஒண்ணும் இல்ல," என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். "நான் எழுதினேன். அவங்க வந்தாங்க."