சாவி இல்லாத லாரி

பட்டாளத்து லாரிக்குச் சாவி கிடையாது. குண்டு விழுகிற நேரத்தில் எவன் பாக்கெட்டில் கைவிட்டுச் சாவி தேடுவான்? ஏறி உட்கார்ந்து பொத்தானை அமுக்கினால் கிளம்பிவிடும். எந்தப் பயல் அமுக்கினாலும் கிளம்பிவிடும் என்பதுதான் கொத்தனாரின் தூக்கத்தைக் கெடுத்தது. கரண்டிப் பெட்டிக்கே இரண்டு பூட்டு போடுகிற மனுஷர் அவர். லாரிக்கும் ஒரு வழி செய்து வைத்திருந்தார். என்ன வழி என்று பெண்டாட்டியிடம்கூட மூச்சு விடவில்லை.

ஏலத்தில் எடுத்தபோது அந்த லாரிக்குள் செடி முளைத்திருந்தது. பிரேக், கியர்பெட்டி, ரேடியேட்டர் எல்லாவற்றையும் ஒண்டியாகவே கழற்றி மாட்டினார். மெக்கானிக்கிடம் விட்டால் நல்ல சாமானை உருவிக்கொண்டு ஓட்டை உடைசலை மாட்டிவிடுவான் என்பது அவர் கணக்கு. மேல்படுதாவை மட்டும் தையல்காரனான மச்சான் தைத்துக் கொடுத்தான். அவனிடமும் மிச்சத் துணியைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு விட்டார்.

அந்த மச்சான்தான் அவரைப் பழைய பட்டாளத்து வண்டிக்காரர்கள் கூட்டத்தில் சேர்த்துவிட்டான். எல்லாரும் வரிசையாக மலைமேல் ஏரிக்கரைக்குப் போவார்கள். தன் எஞ்சினில் மேலே ஏறிவிட்டால் புது வண்டி கூட்டத்தில் ஒன்று. வழியில் படுத்துக் கயிறு கட்டி இழுபட்டு வந்தால், அந்தக் கயிற்றை ஒரு வருஷம் முன்பக்கம் தொங்கவிட்டுக்கொண்டுதான் ஓட்ட வேண்டும்.

"கயித்தோட அலையறதுக்குப் பதிலா இதைப் பழைய இரும்புக்கே போட்டுடுவேன்" என்று வீட்டில் சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற ஆள் என்று பெண்டாட்டிக்குத் தெரியும். அவளுக்கும் அந்த லாரிமேல் ஆசை விழுந்திருந்தது. பள்ளிக்கூட வேனை ஓட்டி ஓட்டிக் கை காய்த்தவள் அவள். ஆனாலும் இதன் ஸ்டியரிங்கைத் துடைக்க மட்டும்தான் அவளுக்கு அனுமதி.

கிளம்பும்போது, ஆறு சக்கர வண்டியோடு முன்னால் நின்ற பல் டாக்டரம்மா எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார். "பின்னாடி வர்ற வண்டி கண்ணாடியில தெரியணும். தெரியலைன்னா அங்கயே நின்னுடுங்க. அவ்வளவுதான் சட்டம்."

புது ஆள் என்பதால் கொத்தனாருக்குக் கடைசி இடம். அவருக்கு முன்னால் மச்சானின் ஜீப்.

"உன் தம்பி நிப்பானாக்கும்? என் டார்ச்சை வாங்கிட்டுப் போனவன் அதையே இன்னும் கொண்டுவரல" என்றார் பெண்டாட்டியிடம், லாரியில் ஏறிக்கொண்டே.

"டார்ச்சையும் மறக்கமாட்டீங்க, அவனையும் விடமாட்டீங்க" என்றாள் அவள்.

சமதரையில் லாரி யானைக்குட்டி மாதிரி குலுங்கிக் குலுங்கி ஓடியது. கொத்தனாருக்குச் சீட்டி அடிக்கத் தோன்றியது. அடித்தார். மலை ஏற்றம் தொடங்கி மூன்றாவது வளைவில் எஞ்சின் இருமியது. அப்புறம் செத்துவிட்டது. ஜீப் வளைவைத் தாண்டி மறைந்தது.

"பாத்தியா? போய்ட்டான்" என்றார்.

அவர் வாயை மூடுவதற்குள் மேலே ஒரு ஹாரன் கேட்டது. அதற்கும் மேலே இன்னொன்று. மலை முழுக்க ஹாரன் ஏறிக்கொண்டே போய் உச்சியில் நின்றது. கொஞ்ச நேரத்தில் வளைவில் ஒரு படையே இறங்கி வந்தது. முன்னால் மச்சான். அவன் தோளில் கயிறு.

"மாமா, உங்க வண்டிக்கு மாலை கொண்டுவந்திருக்கேன்!"

"கிட்ட வந்தே, அதாலயே உன்னைக் கட்டிப்போடுவேன்."

ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். பம்ப் என்றார் டாக்டரம்மா. ஃபில்டர் என்றார் ஜீப்புக்கு முன்னால் வண்டி ஓட்டி வந்த பேக்கரிக்காரர். எவர் வாயிலும் நல்ல வார்த்தை இல்லை, எவர் கையும் சும்மா இல்லை. கொத்தனார் மட்டும் ஏறும் படியைப் பார்த்தார். விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது.

டீசல் வருகிற பாதையில், ஏறும் படிக்கு அடியில், திருடனுக்குப் பயந்து அவர் ஒரு அடைப்பான் வைத்திருந்தார். காலையில் அதைத் திறந்துகொண்டிருந்தபோது மச்சான் வந்து எட்டிப்பார்த்தான். செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல வெடுக்கென்று கையை எடுத்துவிட்டார். அடைப்பான் பாதிதான் திறந்திருந்தது. சமதரைக்கு அது போதும். ஏற்றத்துக்குப் போதாது.

குனிந்து திறக்கலாம். ஆனால் ஒரு ஆள் லாரிக்கு அடியில் போனால் இந்தக் கூட்டம் மொத்தமும் பின்னாலேயே நுழையும். ரகசியத்தைக் காட்ட வேண்டும், இல்லையென்றால் கயிறு.

"எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க" என்றார்.

"ஏன் மாமா, துணி மாத்தப் போறீங்களா?"

சிரித்துக்கொண்டே மொத்தப் பேரும் பள்ளத்தாக்கைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். அவர் அடியில் புகுந்து அடைப்பானைத் திறந்தார். ஆனால் குழாயில் காற்று புகுந்துவிட்டிருந்தது. அதை எடுக்கக் கைப்பம்ப்பை ஒருவர் அடிக்க வேண்டும், காற்றை வெளியே விடும் திருகாணியை ஒருவர் பிடிக்க வேண்டும், பொத்தானை ஒருவர் அமுக்க வேண்டும். அவருக்கு இருப்பதோ இரண்டு கை. படுத்த வாக்கில் கொஞ்ச நேரம் லாரியின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திரும்புங்க" என்றார், வெளியே வந்து. "டீசலை நான்தான் அடைச்சு வெச்சிருந்தேன். எவனும் ஓட்டிட்டுப் போயிடக்கூடாதுன்னு. படிக்கு அடியில இருக்கு. பாத்துக்கங்க."

எல்லாரும் குனிந்து படிக்கு அடியில் பார்த்தார்கள்.

"அட, இவ்வளவுதானா!" என்றார் பேக்கரிக்காரர். "நான் பேட்டரி ஒயரைக் கழட்டி ரொட்டி டின்னுக்குள்ள வெச்சுட்டுத்தான் படுப்பேன்."

"நான் ஸ்டியரிங்கையே கழட்டிக் கட்டில் பக்கத்துல வெச்சுக்குவேன்" என்றார் டாக்டரம்மா. "எங்க வீட்டுக்காரருக்கு அதுமேல பொறாமை."

"எனக்கு அந்தத் தொல்லையே இல்ல" என்றான் மச்சான். "என் வண்டி எனக்கே ஸ்டார்ட் ஆகாது. திருடனுக்கா ஆகப்போவுது?"

கொத்தனார் சிரித்தார். சிரிப்பு நிற்காமல் இருமலில் போய் முடிந்தது. பேக்கரிக்காரர் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

டாக்டரம்மா பம்ப் அடித்தார். கொத்தனார் திருகாணியைப் பிடித்தார். நுரைத்து நுரைத்து வந்த டீசல் தெளிந்தது. "அமுக்கு!" என்று கத்தினார். மேலே அவர் பெண்டாட்டி அமுக்கினாள். லாரி ஒரு தும்மல் தும்மிக் கரும்புகை கக்கி உறுமியது.

துடைத்த கையோடு அவர் கதவருகே வந்தார். "இறங்கு, நான் ஓட்டறேன்."

"ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா அணைஞ்சுடும் போலிருக்கு. அந்தப் பக்கமா ஏறுங்க" என்றாள்.

எஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். அவள் சொன்னது சரிதான். மச்சான் மறுபக்கக் கதவைத் திறந்து, மந்திரிக்குத் திறப்பதுபோல் குனிந்து நின்றான். கொத்தனார் அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஏறினார்.

அடுத்த வளைவில் அவள் கிளட்சை இரண்டு தடவை மிதித்துக் கியரை இறக்கினாள். அவர் போட்டால் பல்லைக் கடிக்கிற கியர், வெண்ணெயில் விரல் இறங்குவதுபோல் இறங்கியது.

"இது எப்ப கத்துக்கிட்டே?"

"நீங்க ஸ்டியரிங்கைத் துடைக்கச் சொன்னப்பல்லாம்."

ஏரிக்கரையில் லாரி தன் காலிலேயே போய் நின்றது. முன்னால் போனவர்கள் எல்லாரும் ஹாரனை அமுக்கியதில் தண்ணீரில் இருந்த கொக்குகள் ஒன்று விடாமல் கிளம்பிப் பறந்தன. கொத்தனார் இறங்கி லாரியை ஒரு சுற்று சுற்றி வந்து, அதன் மூக்கில் ஒரு தட்டுத் தட்டினார்.

"மலை இறங்கும்போது நான்தான் ஓட்டுவேன்" என்றார்.

"கேட்டுப் பாருங்க, யோசிக்கிறேன்" என்றாள் அவள், ஸ்டியரிங்கை விடாமலே.