அதற்குப் பெயர் விசில் இல்லை

வால்தார்சா மைதானத்தில் வடக்குப் பக்க கோல் கம்பத்துக்குப் பின்னால் நிற்கிற கூட்டத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. எதிரணியில் கறுப்பு நிற ஆட்டக்காரன் யாராவது அவர்கள் பக்கம் வந்துவிட்டால் போதும். முதலில் ஒருவன், பிறகு நாலைந்து பேர், பிறகு மொத்தக் கூட்டமும் குரங்குபோல் ஊளையிடும். எஃப்ரேம் ஹப்து இடது பக்கக் காவல் ஆட்டக்காரனாக இருந்த காலத்தில் அந்த ஊளையைக் கேட்டுக்கொண்டேதான் ஓடினான். இத்தாலியின் போலோஞாவில் பிறந்தவன், எரித்திரியாவிலிருந்து வீட்டுவேலைக்கு வந்த தாயின் மகன். அதை ஒருநாளும் வெளியே பேசியதில்லை. பேசினால் ஆட்டக்காரன் என்ற பெயர் போய், அழுமூஞ்சி என்ற பெயர் வந்துவிடும்.

அந்த ஞாயிறு மதியம் அவன் மேலே, கண்ணாடி போட்ட வர்ணனை அறையில், கோட்டும் டையுமாக உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் கொர்ராதோ பெல்த்ராமே. நாட்டில் கால்பந்து பார்க்கிறவர்களில் அந்தக் குரலைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆட்டத்தின் போக்கைக் கொர்ராதோ சொல்வார், நுணுக்கத்தை எஃப்ரேம் சொல்வான். பல வருஷமாக இருவரும் ஒரே காரில் போய், ஒரே மேசையில் சாப்பிட்டு வந்தவர்கள். கொர்ராதோவின் மகள் கல்யாணத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் எஃப்ரேம்.

இரண்டாம் பாதியில், விருந்தாளி அணியின் கெல்வின் அட்ஜெய் கார்னர் உதைக்கப் பந்தை வைத்துக் குனிந்தான். ஊளை தொடங்கியது. கண்ணாடியையும் காதுக்கருவியையும் மீறி அது எஃப்ரேமுக்குத் தெளிவாகக் கேட்டது.

வெளியே வண்டியிலிருந்து ஒளிபரப்பை நடத்திக்கொண்டிருந்த ஓர்னெல்லாவின் குரல் காதில் வந்தது. "மைதான மைக் சத்தத்த இறக்கியாச்சு. ரெண்டு பேரும் ஆட்டத்த மட்டும் பேசுங்க. அரசியல் வேண்டாம்."

ஒளிபரப்பாவதைக் காட்டும், எதிரே இருந்த சின்னத் திரையில் அட்ஜெய் மறைந்தான். மைதானத்துக்கு அப்பாலிருந்த மலையும் அதன் உச்சிப் பனியும் தெரிந்தன. கொர்ராதோ நிதானமாகச் சொன்னார்: "வடக்குப் பக்கத்திலிருந்து கொஞ்சம் விசில் சத்தம். அட்ஜெய் அதையெல்லாம் காதில் வாங்கிக்கொள்ளாமல் இருப்பது நல்லது."

அட்ஜெய் நடுவரிடம் ஓடினான். தன் காதைத் தொட்டுக் காட்டி, கூட்டத்தைக் கைகாட்டினான். நடுவர் கையை வீசி விரட்டினார். அட்ஜெய் திரும்பி வந்து, பந்தை ஓங்கி அந்தக் கூட்டத்துக்குள்ளேயே உதைத்தான். ஏற்கனவே ஒரு மஞ்சள் அட்டை வாங்கியிருந்தவனுக்கு இரண்டாவதும் வந்தது, அதோடு சிவப்பும். அவன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே நடக்கையில் வடக்குப் பக்கம் பாட்டுப் பாடியது.

"எஃப்ரேம், நீங்கள் அனுபவசாலி," என்றார் கொர்ராதோ, ஒளிபரப்புக் குரலில். "சின்னப்பிள்ளைத்தனம்தானே இது?"

"இல்ல கொர்ராதோ," என்றான் எஃப்ரேம். "மொதல்ல அது விசிலே இல்ல. மோசமா ஆடினா விசில் அடிப்பாங்க, நானும் வாங்கியிருக்கேன். இது குரங்குச் சத்தம். வீட்ல பாக்கறவங்களுக்குக் கேட்டிருக்காது, ஏன்னா நாம சத்தத்த இறக்கிட்டோம். அவங்களுக்கு மலையக் காட்டிக்கிட்டிருக்கோம். அவன் முறைப்படி நடுவர்கிட்டதான் போய்ச் சொன்னான். நடுவருக்குக் கேக்கல. நமக்கும் கேக்கல. இந்த நாட்டுலயே பொறந்து வளந்தவன், அவன் ஒருத்தனுக்கு மட்டும் கேக்குது, அவன் ஒருத்தனுக்கு மட்டும் தண்டன."

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் உடைந்தது உடைந்ததுதான். தான் ஆடிய காலத்தில், மகன் அந்தக் கம்பத்துப் பக்கம் போகும்போதெல்லாம் அம்மா தொலைக்காட்சியின் சத்தத்தை அணைத்துவிடுவாள் என்பதைச் சொன்னான். இன்றைக்கு அந்த வேலையைத் தொலைக்காட்சியே செய்கிறது என்றான். குரல் நடுங்கியது, நடுங்கட்டும் என்று விட்டான். கொர்ராதோ தாடையில் கை வைத்தபடி அவனையே பார்த்து, மெல்லத் தலையாட்டிக்கொண்டிருந்தார். முடித்ததும் அவன் முழங்காலை ஒருமுறை அழுத்தினார்.

ஆட்டம் முடிந்து படியிறங்கும்போது யாரும் எஃப்ரேமிடம் எதுவும் பேசவில்லை. அதிர்ந்துபோயிருக்கிறார்கள் என்று அவன் எடுத்துக்கொண்டான். ஜுரம் விட்ட மறுநாள்போல உடம்பு லேசாக இருந்தது.

வழக்கம்போலக் கொர்ராதோவின் காரில் நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தபோது அக்கா ராகேல் கூப்பிட்டாள்.

"என்னடா, தொண்ட கட்டிக்கிச்சா?"

"ஏன்? நல்லாத்தான இருக்கேன்."

"அந்தப் பையனுக்குச் சிவப்பு அட்டை காட்டினாங்களே, அதுக்கப்புறம் பாதிப் பேச்சுல உன் குரலையே காணோம். மிலானோ ஸ்டூடியோலேருந்து ஒருத்தன் வந்து, மைக்ல கோளாறுன்னு சொல்லிட்டு அவனே பேசிக்கிட்டிருந்தான். பொறவு நீ வந்து, மாத்து ஆளப் பத்தி என்னமோ சொன்ன."

"நான் என்ன பேசினேன்னு உனக்குக் கேட்டுச்சா?"

"'இது குரங்கு'ன்ன. அப்புறம் ஒண்ணுமில்ல."

எஃப்ரேம் போனை மடியில் வைத்துவிட்டுத் திரும்பினான். கொர்ராதோவின் கண் சாலையிலேயே இருந்தது.

"மைக்க அணைச்சது உங்களுக்குத் தெரியுமா?"

"சிவப்பு லைட்டு போனதப் பாத்தேன்."

"எப்ப?"

"நீ அந்த வார்த்தையச் சொன்ன உடனே."

"பாத்துட்டா தலைய ஆட்டிக்கிட்டிருந்தீங்க?"

"என்னப்பா பண்ணச் சொல்ற? நேரலை. ஓர்னெல்லா மட்டும் என்ன செய்வா, அவளுக்கும் மேல ஆளு இருக்கு. சரி, பேசி முடிச்சா உனக்கு மனசாவது ஆறும்னு விட்டேன்."

எஃப்ரேமுக்குக் காது அடைத்துப்போனது. வடக்குப் பக்கத்து ஊளைகூட இப்படி எரித்ததில்லை. அவர்கள் அவனை விலங்கு என்றார்கள். இந்த மனுஷர் அவனைத் தூங்க வைக்க வேண்டிய குழந்தையாக நினைத்து, ஆணியடித்த ஜன்னலுக்கு முன்னால் உட்காரவைத்துக் கத்தவிட்டிருக்கிறார்.

"வண்டிய நிறுத்து."

"இங்கயா? பெட்ரோல் பங்க் தவிர ஒண்ணும் கிடையாதுடா."

"நிறுத்துன்னு சொன்னேன்."

பங்க்கில் இறங்கிக்கொண்டான். கொர்ராதோ கொஞ்ச நேரம் எஞ்சினை அணைக்காமல் நின்றார், பிறகு போனார். ராகேல் தன் பழைய வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து அவனை ஏற்றிக்கொள்ள இருட்டிவிட்டது.

"இன்னொண்ணு கேளு," என்றாள், கியர் மாற்றிக்கொண்டே. "ஆட்டம் முடிஞ்சு ஒரு பேச்சு வெப்பாங்களே, அதுல அந்த வால்தார்சா ஊரு எம்.பி. மரங்கோன உக்காத்தி வெச்சிருந்தானுங்க. 'வெளையாட்டுல அரசியலக் கொண்டு வராதீங்க'ங்கறாரு அந்தாளு. ஏன், அவரு வாயில வர்றதென்ன சங்கீதமா?"



மறுநாள் காலையில் ஓர்னெல்லா கூப்பிட்டாள். குரலில் தேன். நடந்தது துரதிர்ஷ்டம் என்றாள். இன்று மாலை விவாத நிகழ்ச்சிக்கு மரங்கோன் வருகிறார், எஃப்ரேமும் வந்தால் இரண்டு பக்கமும் கேட்டதாக இருக்கும் என்றாள். குரங்குச் சத்தத்துக்கு இரண்டாவது பக்கம் எது என்று கேட்க நினைத்தான். கேட்காமல், வருகிறேன் என்றான். போகாதே என்று ராகேல் தலைப்பாடாக அடித்துக்கொண்டாள்.

மரங்கோன் நல்ல உடை, நல்ல பல்வரிசை. எஃப்ரேமின் தோளைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். "எனக்கு எஃப்ரேமை ரொம்பப் பிடிக்கும். அவர் ஆட்டத்துக்குக் கை தட்டினவன் நான். ஆனா விசில் அடிக்கறது ரசிகனோட உரிமைங்க. டிக்கெட் வாங்கிட்டு வர்றவன் ஜெபம் பண்ணவா வர்றான்? அதப் போயி இனம், நிறம்னு பெருசு பண்ணி ஜனங்களப் பிரிக்கறது எங்க வேல இல்ல, அதக் கிளப்பறவங்க வேல."

தொகுப்பாளன் லியாந்த்ரோ கனிவாகத் திரும்பினான். "எஃப்ரேம், ஒருவேளை நீங்க கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுட்டீங்களோ?"

"மைதான மைக்ல பதிவானதப் போடுங்க. எல்லாரும் கேக்கட்டும்."

"அது இப்ப கைவசம் இல்லையே."

"அப்ப நானே கேக்க வெக்கறேன்."

டையைத் தளர்த்தினான். கேமராவை நேராகப் பார்த்தான். அடிவயிற்றிலிருந்து அந்தச் சத்தத்தை எடுத்தான். ஊ, ஊ, ஊ. சின்ன வயதிலிருந்து காதில் விழுந்ததை அப்படியே, அதே ஏற்ற இறக்கத்தோடு, மூச்சு வாங்கி வாங்கித் திருப்பிக் கொடுத்தான். லியாந்த்ரோ கையிலிருந்த அட்டைகளைப் பிடித்தபடி உறைந்து போனான். மரங்கோனின் சிரிப்பு முகத்திலேயே மாட்டிக்கொண்டு, கழற்ற வழி தெரியாமல் நின்றது. எஃப்ரேம் நிறுத்தவில்லை. கழுத்து நரம்பு புடைத்து, கண்ணில் நீர் கட்டி, மேசையில் எச்சில் தெறிக்கும்வரை ஊளையிட்டான்.

"இதத்தான் விசில்ங்கறாரு," என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

இந்தத் தடவை யாரும் மைக்கை அணைக்கவில்லை. பார்க்கிறவர்கள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனதாம், பிறகு கேள்விப்பட்டான்.

அடுத்த நாள் தொலைக்காட்சி மன்னிப்புக் கேட்டது. கெல்வின் அட்ஜெயிடம் இல்லை. 'எங்கள் நிகழ்ச்சியில் ஒலித்த அருவருப்பான சத்தத்துக்காக' நேயர்களிடம் கேட்டது. எஃப்ரேமுக்கு இனி வேலை இல்லை என்று வக்கீல் மூலம் சொல்லியனுப்பினார்கள். வால்தார்சாவின் அடுத்த ஆட்டத்தில் வடக்குப் பக்கம் ஒரு நீளத் துணி தொங்கியது: 'நன்றி எஃப்ரேம், நீ எங்களைவிட நன்றாகச் செய்கிறாய்.'

ராகேலின் சமையலறையில் உட்கார்ந்து அந்தத் துணியின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அட்ஜெய் கூப்பிட்டான். எஃப்ரேம் எதிர்பார்த்திருந்த அழைப்புதான். நன்றி சொல்வான் என்று நினைத்திருந்தான்.

"எங்கம்மா திங்கக்கிழம டிவி பாத்தாங்க," என்றான் அட்ஜெய். "நான் ஆட வந்த நாள்லேருந்து அவங்கள மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போனதில்ல. விசில் அடிக்கறாங்க, அவ்வளவுதான்னு சொல்லி வெச்சிருந்தேன். நீங்க அத எங்க வீட்டு நடுவுல கொண்டாந்து வெச்சுட்டீங்க."

"கெல்வின், நான் உனக்காகத்தான்..."

"எனக்காகவா? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? அந்தாளு என்னப் பத்திப் பேசினான், நீங்க என்னப் பத்திப் பேசினீங்க, ஊரே பேசுது. நான் வீட்ல உக்காந்து பாத்துக்கிட்டிருக்கேன். என் வாயில என்ன புண்ணா?"

 கொர்ராதோமேல் வந்த அதே கோபம் இப்போது எதிர்முனையிலிருந்து தன்மேல் பாய்வதை எஃப்ரேம் உணர்ந்தான். தள்ளிவிட முடியவில்லை, அதில் நியாயம் இருந்தது.

"கேக்கல. தப்புதான்," என்றான். "இப்ப கேக்கறேன். நான் என்ன செய்யணும்?"



"போலீஸ்ல புகார் குடுக்கப் போறேன். எங்க கிளப்பு வேணாங்குது. சாட்சி வேணும். நீங்க வரலாம். கேட்டா மட்டும் பதில் சொல்லணும். பேசறது நான்."

போனார்கள். அட்ஜெய் பேசினான். என்ன சத்தம் என்று அதிகாரி கேட்டதற்கு, குனிந்த தலையை நிமிர்த்தி, அதன் பெயரை இரண்டு தடவை சொன்னான். எஃப்ரேம் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக் கையெழுத்துப் போட்டான்.

மைதானக் கேமராக்களை வைத்து நாலு பேரைப் பிடித்தார்கள். அதில் ஒருவர் பல் டாக்டர். நாலு பேருக்கும் மைதானத்துக்குள் வரத் தடை விழுந்தது. சிவப்பு அட்டைக்காக அட்ஜெய்க்குச் சில ஆட்டங்களுக்கு விதித்த தடையும் அப்படியே நின்றது. வர்ணனை அறையில் இருந்த இன்னொரு சாட்சி என்று கொர்ராதோவையும் கூப்பிட்டார்கள். காதுக்கருவி போட்டிருந்தேன், விசில்போலத்தான் கேட்டது என்று அவர் எழுதிக்கொடுத்தார்.

அன்று மாலையே எஃப்ரேமைக் கூப்பிட்டார். "உனக்குப் புரியும்னு நெனைக்கறேன். ஓய்வு பெறப் போற வயசுடா எனக்கு. இப்ப போயி சண்ட போட்டு என்னாகப் போகுது?"

"உனக்கு என்ன கேட்டுச்சு? எனக்கு மட்டும் சொல்லு."

"விடு எஃப்ரேம்."

"சொல்லு."

"நீ கேட்டதுதான்," என்றார் கொர்ராதோ, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல.

"அத அங்க போய் எழுதிக் குடு. குடுத்துட்டு எனக்கு போன் பண்ணு." வைத்துவிட்டான்.

அவர் போகவில்லை. அட்ஜெயின் தடை முடிந்து அவன் திரும்பி ஆடிய ஞாயிறும் கொர்ராதோதான் வர்ணனை சொன்னார், பக்கத்தில் புதிதாக ஒருவன். நன்றாகத்தான் சொன்னாராம். எஃப்ரேம் அதைக் கேட்கவில்லை. அன்று அவன் மைதானத்திலேயே இருந்தான், அட்ஜெய் கொடுத்த டிக்கெட்டில். ஒரு இருக்கை தள்ளி அட்ஜெயின் அம்மா, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி, மகனை முதல் தடவையாக நேரில் பார்த்துக்கொண்டிருந்தாள். எஃப்ரேம் வணக்கம் சொன்னபோது அவள் அவனை ஒருமுறை பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஆனால் பேசவும் இல்லை.