காப்பு அவிழ்க்காதவள்

ஆண்டாயி தொண்டையைத் திறந்தால் வாலிகண்டபுரம் கோயில் கோபுரத்துப் புறாக்கள் அத்தனையும் பறந்துவிடும் என்பார்கள். சும்மா கூட்டிச் சொல்வது. பாதிப் புறாதான் பறக்கும். புங்கனேரி பஸ் நிறுத்தத்தில் அவள் போடும் டீக்கும் இப்படி ஒரு பேர் உண்டு. பாடையில் கிடப்பவன் வாயில் ஒரு சொட்டு விட்டால் எழுந்து உட்கார்ந்து, "சீனி கொஞ்சம் தூக்கலா" என்று கேட்பானாம். இதை மட்டும் ஊரில் யாரும் மறுத்ததில்லை.

இப்படிப்பட்டவளை வருகிற வெள்ளிக்கிழமை ஜீப்பில் ஏற்றி, வேறு மாவட்டத்து அகதி முகாமில் கொண்டுபோய் விடப்போகிறோம் என்று கலெக்டர் ஆபீசிலிருந்து சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அவள் செய்த குற்றம், கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொன்னது. மகள் கீதாஞ்சலி நர்சிங் முடித்துவிட்டு பாஸ்போர்ட் கேட்டிருந்தாள். விசாரிக்க வந்தவர் டீயை உறிஞ்சிக்கொண்டே, "பொண்ணோட அம்மா எங்கங்க பொறந்தீங்க?" என்றார். வேப்பந்தட்டை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் டம்ளரை வைத்துவிட்டுப் போயிருப்பார். ஆண்டாயியோ இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இலங்கையில, தேயிலைத் தோட்டத்துல. ஒம்போது வயசுல தோணி ஏறி வந்தேன். பாஸ்போட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று பஸ்ஸில் இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

கணவன் அரியமுத்து தலையில் அடித்துக்கொண்டான். "ஏன்டி, வாய வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா?"

"நான் என்ன கோழி திருடிட்டா வந்தேன், மறைக்க?"

அவளுடைய பூட்டன் இதே வேப்பந்தட்டைப் பக்கத்திலிருந்து பஞ்சத்தில் கண்டிக்குப் போனவன். நாலு தலைமுறை கொழுந்து பறித்தும் அந்த நாடு அந்தக் குடும்பத்தைத் தன்னுடையது என்று சொல்லவில்லை. கலவரத்துக்குப் பயந்து வவுனியா, அங்கிருந்து மன்னார், அங்கிருந்து தோணி. கரையேறியதும் எல்லாரும் அகதிகளாகப் பதிவு செய்ய வரிசையில் நின்றபோது, ஆண்டாயியின் அம்மா மட்டும் மகளை இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். சொந்த ஊருக்குப் போகிறவள் யாரிடம் எதற்குச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்று நினைத்துவிட்டாள், பாவம். வெங்காயம் பிடுங்கும் கூலிக்குப் புங்கனேரிக்கு வந்தவள் இந்த மண்ணிலேயே போய்ச் சேர்ந்தாள். மகள் இங்கேயே வளர்ந்து, இங்கேயே வாழ்க்கைப்பட்டு, டீக்கடையும் வைத்துவிட்டாள்.

கடையில் அன்று டீயை விடப் பேச்சு சூடாக இருந்தது. மாரியம்மன் திருவிழாவுக்குத் தலைவரான வீரமணி பெஞ்சின் நடுவில் உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்தால் அந்த பெஞ்சில் வேறு யாருக்கும் இடம் இருக்காது.

"கோவத்துல சொல்லல ஆண்டாயி. சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல? எம் மவன் மகேஷு துபாய்ல விசா முடிஞ்ச மறுநாள் பொட்டியக் கட்டிட்டு வந்தான். புதுசா ஒண்ணு வாங்கி, இப்ப திருவிழா முடிஞ்சு போவப்போறான். அவனுக்கு ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயமா?"

"உங்க மவன் பொட்டியக் கட்டுனா திரும்பி வர்றதுக்குப் புங்கனேரி இருக்குண்ணே. நான் பொட்டியக் கட்டுனா எங்க போறது? கடலுக்குள்ளயா?"

"அதுக்காக? தோணி ஏறி வர்றவங்களுக்கெல்லாம் குடியுரிமை குடுத்தா, நாளைக்கு ஆளாளுக்கு வந்து டீக்கடை போட்டுருவாங்க."

"போடட்டுமே. உங்களுக்கு நல்ல டீ கெடைக்கும்."

கடையே குலுங்கச் சிரித்தது. வீரமணி மட்டும் சிரிக்கவில்லை. "சிரிங்க, சிரிங்க. அந்தக் கீதாஞ்சலிப் புள்ளையும் இந்த நாட்டுப் புள்ள இல்லையாம். ஆபீஸ்லயே சொன்னாங்க" என்றார்.

சிரிப்பு நின்றது. அப்பன் புங்கனேரிக்காரன், பிள்ளை பிறந்தது பெரம்பலூர் ஆஸ்பத்திரியில். ஆனாலும் அம்மா அனுமதியில்லாமல் வந்தவள் என்பதால் பிள்ளைக்கும் நாடு கிடையாதாம். ஆண்டாயி பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டுத் திரும்பினாள்.

"அங்க இருந்தப்ப எங்களக் கள்ளத்தோணின்னாங்க, இந்தியாவுலருந்து வந்தவங்கன்னு. இங்க வந்தா இலங்கையிலருந்து வந்த கள்ளத்தோணி. எங்க அம்மா பட்டா, நான் பட்டேன். எம் மவளுக்கும் அதே பேரா? வெள்ளிக்கெழம வரட்டும், பாத்துக்கறேன்."

வெள்ளிக்கிழமை என்று அவள் சொன்னதும்தான் வீரமணிக்கு உறைத்தது. ஆபீசிலிருந்து போன் செய்து, அந்த அம்மா எந்த நாளில் கட்டாயம் ஊரில் இருப்பார் என்று கேட்டபோது, "வெள்ளிக்கெழம வாங்க சார், அன்னைக்கு ஒரு ஈ காக்கா ஊர விட்டு நகராது" என்று பெருமையாகச் சொன்னவர் அவர்தான். ஏன் நகராது என்பதை அவரே யோசிக்கவில்லை. அன்று மாரியம்மனுக்குக் காப்புக்கட்டு.

காப்பு கட்டிவிட்டால் புங்கனேரியில் எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது. வெளியூர்க்காரன் கட்டுவதற்கு முன்பே கிளம்பிவிட வேண்டும். கட்டும் நேரத்தில் உள்ளே மாட்டிக்கொண்டால், மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையானாலும் திருவிழா முடிகிற வரை எட்டு நாளும் இங்கேதான். ஒரு காலத்தில் ஒருத்தன் எகத்தாளமாகத் தாண்டினானாம். தாண்டிய கால் யானைக்கால் அளவுக்கு வீங்கி, செருப்புத் தைக்க ஒரு முழு மாட்டுத்தோல் வேண்டியிருந்ததாம்.

ஆபீசர் பாலாஜி காலையிலேயே வந்திருந்தால் வந்த வேலை முடிந்திருக்கும். ஜீப் பெரம்பலூர் தாண்டி வழியில் படுத்துவிட்டது. மஞ்சு என்ற பெண் போலீஸோடு அவர் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்து, தப்பு மேளச் சத்தம் காதைக் கிழித்துக்கொண்டிருந்தது. கோயில் வாசலில் ஊரே நின்றது. பூசாரி அங்கமுத்து மஞ்சள் கயிற்றைக் கையில் எடுத்தார்.

தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரப் புடவையோடு முன்னால் வந்து நின்றாள் ஆண்டாயி. வலது கையை நீட்டினாள். "தீச்சட்டி எடுக்கறேன். எனக்குக் காப்புக் கட்டுங்க பூசாரி."

தீச்சட்டி எடுப்பவர்களுக்குத்தான் கையில் காப்பு. ஊர்க்காரர்கள் மட்டுமே தீச்சட்டி எடுக்கலாம். அங்கமுத்து பேந்தப் பேந்த விழித்தார். "தலைவரே, நல்ல நேரம் போவுது. இது ஊரா, வெளியா? ஒரு வார்த்த சொல்லுங்க."

வீரமணி ஜீப்பைப் பார்த்தார், அம்மனைப் பார்த்தார். "சட்டப்படி... வெளி."

"உங்கள சட்டத்தக் கேக்கலண்ணே. சட்டம் அதோ ஜீப்புல வந்து நிக்குது. சாமி முன்னாடி நிக்கறீங்க, சாமிகிட்ட சொல்லுங்க. நான் யாரு?"

தப்பு நின்றுவிட்டது. கூட்டத்திலிருந்து வீரமணியின் மனைவி சுமதி குரல் கொடுத்தாள். "உங்க அம்மா பக்கவாதத்துல கெடந்தப்ப பீத்துணி அலசுனது யாருங்க? வெளியா?"

"நீ சும்மா இருடி!"

"இருக்க மாட்டேன். சொல்லுங்க."

வீரமணி துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்த வியர்வையைப் பிழிந்திருந்தால் ஒரு குடம் தேறியிருக்கும். மனுசனுக்கு வாய் பெரிதானாலும் அம்மன் முன்னால் பொய் சொல்கிற நெஞ்சுரம் கிடையாது. "ஊருதான்" என்றார். "கட்டுங்க பூசாரி."

அம்மனுக்கும் ஆண்டாயிக்கும் கட்டியாயிற்று. தப்பு மறுபடி அதிர்ந்தது.

பாலாஜி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "எல்லாம் முடிஞ்சுதா? வாங்கம்மா, போலாம்."

"எங்க சார் போறது?" என்றாள் ஆண்டாயி, மஞ்சள் ஏறிய மணிக்கட்டைத் தூக்கிக் காட்டி. "நானும் போக முடியாது, நீங்களும் போக முடியாது."

அவர் சிரித்தார். உடையார்பாளையம் பக்கத்துக்காரர்தான், வழக்கம் தெரியாதவரில்லை. ஆனாலும் ஆபீசர் அல்லவா? கல்லைத் தாண்டிக் காட்டுகிறேன் என்று தனியாகவே ஜீப்பை எடுத்தார். எல்லைக்கல் வரை போனார். அங்கே வண்டியை நிறுத்திவிட்டுத் தன் அம்மாவுக்குப் போன் போட்டார். அந்த அம்மா போனில் போட்ட சத்தம் இன்ஜின் சத்தத்தையும் மீறி வெளியே கேட்டது. "கட்டிட்டாங்களா? அடப் பாவி, கட்டுனப்புறம் கல்லத் தாண்டுன, இந்த வூட்டு வாசப்படி மிதிக்காத, சொல்லிட்டேன்!"

ஜீப் திரும்பி வந்தது.

அதன்பின் ஆபீசர் பஞ்சாயத்துக் கட்டடத்தில் படுக்கை, ஆண்டாயி கடையில் காலை டீ. பெண் போலீஸ் மஞ்சுவுக்கு ஒரு வருத்தமும் இல்லை. இரண்டாம் நாளே கும்மிக் கூட்டத்தில் முதல் ஆளாக நின்றாள். பாலாஜிதான் பெஞ்சில் உட்கார்ந்து சட்டம் பேசிக்கொண்டிருந்தார்.

"பதிவு பண்ணி முகாம்ல இருக்கறவங்களுக்காவது ஏதோ ஒரு வழி இருக்கும்மா. உங்களுக்கு அதுவும் இல்ல. சட்டத்துல நீங்க இல்லவே இல்ல. நான் என்ன பண்ண?"

"உங்களுக்கு டீ போட்டுக் குடுத்தது யாரு, பேயா?"

"புரிஞ்சுக்கங்க. உங்க கஷ்டத்துக்கு எரக்கப்படலாம். ஆனா எரக்கப்பட்டு ஒருத்தரை நாட்டுக்காரங்கன்னு எழுத முடியாது."

"எரக்கம் யாரு கேட்டா? எரக்கத்த வெச்சு எம் மவளுக்குப் பாஸ்போட்டு வருமா? இருக்கறவள இருக்கான்னு எழுதுங்க. சட்டத்துல எடம் இல்லாட்டி எடம் போடுங்க. மனுசன் போட்டதுதானே?"

பாலாஜி டம்ளரை நீட்டினார். அவள் இன்னொன்று ஊற்றினாள்.

ஆண்டாயி தீச்சட்டி எடுத்தாள். நெருப்பு எல்லைக்கு அப்பாலும் தெரியும் உயரத்துக்கு எழுந்தது. மஞ்சள் நீராட்டும் முடிந்தது. கடைசி வேலை காப்பு அவிழ்ப்பு. தீச்சட்டி எடுத்தவர்களின் காப்பை முதலில் அவிழ்க்க வேண்டும், எல்லாருக்கும் அவிழ்த்த பிறகே அம்மனுக்கு. அம்மன் காப்பு அவிழ்ந்தால்தான் ஊருக்குக் கதவு திறக்கும். பாலாஜி ஜீப்பைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தார். ஆண்டாயியும் அதில் ஏற வேண்டும்.

ஒவ்வொரு கையாக அவிழ்த்துக்கொண்டு வந்த அங்கமுத்து, ஆண்டாயியிடம் வந்தார். அவள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அவுக்க மாட்டேன்."

"என்னது?"

"அவுத்தா கூட்டிட்டுப் போயிருவாங்க. எனக்கு ஒரு வழி பொறக்கற வரைக்கும் அவுக்க மாட்டேன்."

"அடியே, அம்மன் காப்பு அவுக்க முடியாதுடி! ஊரே உள்ள கெடக்கும்!"

"கெடக்கட்டும். ஒரு எடத்துல அடைச்சு வெச்சா எப்புடி இருக்கும்னு ஊரும் கொஞ்சம் பாக்கட்டும்."

ஊர் கொதித்தது. சந்தைக்குப் போக வேண்டிய வெங்காயம் மூட்டையில் முளைவிட்டது. மகேஷின் துபாய் விமானத்துக்கு இன்னும் இரண்டே நாள்தான். கெஞ்சினார்கள், திட்டினார்கள். பிடித்து அவிழ்த்துவிடலாம் என்று யாரோ சொன்னார்கள், ஆனால் தீச்சட்டி எடுத்த கையைத் தொட ஒருத்தனும் வரவில்லை. அரியமுத்து மட்டும் ராத்திரி சோற்றைப் பிசைந்து அவள் முன் வைத்துவிட்டு, "அவுக்காத" என்றான். அவள் பக்கம் நின்று அவன் ஒரு வார்த்தை பேசி வெகுகாலம் ஆகியிருந்தது.

மறுநாள் வீரமணியே போனை எடுத்தார். பாலாஜிக்கும் மேலே உள்ள பெரிய அதிகாரியைப் பிடித்தார். "மேடம், நாங்க வர முடியாது. நீங்கதான் வரணும். கல்லுக்கு அந்தப் பக்கமே நில்லுங்க. உள்ள வந்துட்டா அப்புறம் நாங்க பொறுப்பில்ல."

அந்த அம்மாள் வந்தார். எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் அரசாங்கம், இந்தப் பக்கம் ஊர். நாடுகள் பேச்சுவார்த்தை நடத்துவது போல இருந்தது.

"சட்டப்படி இவங்க இங்க இருக்க முடியாதுங்க" என்றார் அதிகாரி.

வீரமணி முன்னால் வந்தார். ஆண்டாயி பல்லைக் கடித்தாள். இந்த ஆள் வாயைத் திறந்தால் காரியம் கெட்டது.

"நானும் அதத்தான் சொன்னேன் மேடம், வாய் வலிக்கச் சொன்னேன்" என்றார் வீரமணி. "எம் மவனுக்கு ஒரு நியாயம், இவளுக்கு ஒரு நியாயமான்னு கேட்டேன். பத்து நாளா உள்ள கெடந்து யோசிச்சுப் பாத்தேன். எம் மவன் அங்க வேலைக்குப் போனவன். இவ இங்க வூட்டுக்கு வந்தவ. ரெண்டும் ஒண்ணில்ல. வூட்டுக்கு வந்தவள வெளிய போன்னு சொல்ற சட்டம் எந்த சட்டமா இருந்தாலும் அத மாத்தச் சொல்லி நாங்க கேப்போம். டெல்லி வரைக்கும் கேப்போம். நான் சாமி முன்னாடி சொல்லிட்டேன் மேடம், என்னால மாத்திச் சொல்ல முடியாது."

சுமதி கணவனை அப்போதுதான் முதல்முறையாகப் பார்ப்பது போலப் பார்த்தாள். ஆண்டாயி வீரமணியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். அது அவளுக்கே புதிது.

அதிகாரி பாலாஜியைத் தனியே கூப்பிட்டார். அவர் கல்லுக்கு இந்தப் பக்கமும் அந்த அம்மாள் அந்தப் பக்கமுமாக நின்று நெடுநேரம் பேசினார்கள். முடிவாக அந்த அம்மாள் உரக்கச் சொன்னார். "முகாமுக்குப் போக வேண்டாம். உங்க வீட்டுலயே இருங்க. குடியுரிமை கேட்டு ஊர் எழுதிக் கொடுக்கட்டும், நான் மேலே அனுப்பறேன்."

"குடுப்பாங்களா மேடம்?"

"தெரியாதும்மா. பொய் சொல்ல மாட்டேன்."

"பொய் சொல்லாம இருந்தீங்களே, அது போதும். அவங்க குடுக்கட்டும், நான் அவுக்கறேன்."

கூட்டம் தலையில் கை வைத்தது. அங்கமுத்து மட்டும் கோயிலுக்கு ஓடினார். அம்மன் தலையில் பூ வைத்து, ஆண்டாயி கையில் காப்பு இருக்க, உன் காப்பை அவிழ்க்கலாமா தாயே என்று கேட்டார். கேட்டு வாய் மூடுவதற்குள் வலப்பக்கம் பூ விழுந்தது. காற்றில் விழுந்தது என்று யாரோ முணுமுணுத்தார்கள். அன்று புங்கனேரியில் ஒரு இலைகூட அசையவில்லை.

"ஊரு போவலாம்!" என்று அங்கமுத்து கூவிக்கொண்டு வந்தார். "ஆனா ஆண்டாயி மட்டும் கல்லத் தாண்டக் கூடாது. காப்பு கையில இருக்கற வரைக்கும்."

"தாண்டச் சொன்னா யாரு தாண்டுறது?" என்றாள் ஆண்டாயி. "வந்து சேந்த எடத்த விட்டு நான் எங்க போறேன்?"

ஜீப் கிளம்பியது. மஞ்சு கண்ணைத் துடைத்துக்கொண்டே கை அசைத்தாள். வெங்காய லாரிகள் புழுதி கிளப்பின. கீதாஞ்சலி அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து, தளர்ந்திருந்த முடிச்சை இன்னொரு முறை இறுக்கிக் கட்டினாள்.

வீரமணி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். "ஒரு டீ போடு ஆண்டாயி."

"தூள் தீந்துபோச்சுண்ணே. வேப்பந்தட்டைக்குப் போயி வாங்கியாரணும். நான்தான் கல்லத் தாண்டக் கூடாதே."

"அதுக்கு?"

"நீங்கதானே டெல்லி வரைக்கும் போறேன்னீங்க. வழியிலதான இருக்கு வேப்பந்தட்டை. எந்திரிங்க."