சிங்கமுகம் காத்திருக்கும் அறை

அன்று மதியம் வாழவந்திக் கோயிலுக்குப் பின்னால், சன்னல் இல்லாத அறையின் வாசலில் இருந்தவர்கள்: இரணியன் கூத்தில் சிங்கமுகம் கட்டும் அம்மாசி, கூத்து ஜமாவின் வாத்தியார் பெரியண்ணன், நாடக வரலாறும் கவிதையும் எழுதும் சுஜாதா, அவரைப் பதிப்பித்துவிட்டு அடிக்கடி வருந்தும் ஜெயபிரகாஷ், யாருடையதோ ஒரு வெள்ளாடு.

புத்தகத்தில் ஓர் அத்தியாயம்தான் பாக்கி. அச்சகத்தில் தாள் வந்து இறங்கிவிட்டது. ஜெயபிரகாஷ் அந்த அத்தியாயத்தை வாங்கிப் போகத்தான் சேலத்திலிருந்து மலையேறி வந்திருந்தான்.

கூத்து நாளன்று சிங்கமுகக்காரரை மதியமே இந்த அறையில் வைத்துப் பூட்டுவார்கள். தூண் பிளக்கும் கட்டத்துக்குத்தான் திறப்பார்கள். உள்ளே அவர் சாராயம் குடிக்கிறார், அந்த வெறியில்தான் அப்படிப் பாய்கிறார் என்று இதுவரை எழுதிய எல்லோரும் எழுதியிருந்தார்கள். ஒருவரும் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. முதலில் ஒருவர் எழுதினார், மற்றவர்கள் காப்பியடித்தார்கள். அதைப் படித்துவிட்டுத்தான் போன வருஷம் ஒரு கலைவிழாவில் 'குடிகார செட்டு' என்று ஜமாவைத் திருப்பி அனுப்பினார்கள்.

"நீங்களும் அப்படியே எழுதிட்டுப் போங்கக்கா," என்றான் ஜெயபிரகாஷ். "இல்லைன்னா கற்பனை பண்ணுங்க. கவிஞர்தானே?"

"கவிதையில புளுகினா என் பேரு கெடும். இதுல புளுகினா அம்மாசி பேரு கெடும். நானே கூட உள்ள போய்ப் பார்க்கறேன்."

பெரியண்ணன் தொண்டையைச் செருமினார். "ஏனுங்கம்மா, உள்ளார போனா நடுவுல தொறக்க மாட்டமுங்க. பேச்சு ஆகாது. போனு, பேனா, பேப்பரு ஒண்ணும் ஆகாது. சாமி எறங்கி இவன் செவுத்துல முட்டுனாலும் நாங்க காதுல வாங்க மாட்டோம். முன்ன வந்த புரபசருங்க இதக் கேட்டதுமே டீக்கடைப் பக்கம் போயிட்டாங்க."

"நான் டீ குடிச்சாச்சுங்க."

அம்மாசி சிரித்தார். "உள்ளார குடிக்கறதில்லீன்னு சொன்னா எம் பொண்டாட்டியே நம்ப மாட்டீங்கறா. இந்த அம்மிணியாச்சும் பாக்கட்டும், வாத்தியாரே."

"நீங்க குடிச்சா, குடிச்சார்னுதான் எழுதுவேன்."

"நொம்ப நல்லதுங்க. எழுதுங்க."

ஜெயபிரகாஷ் சுஜாதாவைத் தனியே இழுத்தான். மூச்சிரைப்பு உள்ள உடம்பு. "செத்து கித்து வைக்காதீங்க. பேனாவும் இல்ல. வெளிய வந்து எதை எழுதுவீங்க?"

"பார்க்கப் பார்க்க வெண்பாவாக் கட்டிக்குவேன். ஒரு சொல்லு மாறினாலும் தளை தட்டும், காட்டிக்குடுத்துரும். கேமரா விடாத எடத்துல எல்லாம் நான் இப்படித்தான் வேலை பார்த்தேன்."

"அப்ப நான் போட்ட அந்தத் தொகுப்பு?"

"பாதிக்கு மேல களக்குறிப்பு. நீதான் கவிதைன்னு அட்டையில போட்ட."

கட்டிலுக்கடியில் கட்டுக் கட்டாகக் கிடக்கும் அந்தப் புத்தகத்தை 'யாருக்கு வேணும் இந்த வெண்பா' என்று அவன் திட்டாத நாளில்லை. ஒருவர் பெயர் கெடாமலிருக்க இவ்வளவு மெனக்கெடும் ஆளை அவன் தன் தொழிலில் பார்த்ததில்லை. புத்தகம் இனியும் விற்காது. அது வேறு விஷயம்.

"அச்சகத்துல நான் சொல்லிக்கறேன். தாள் காத்திருக்கட்டும்," என்றான்.

சுஜாதா போனையும் பேனாவையும் அவன் கையில் கொடுத்தார். மூச்சுமருந்தைப் பெரியண்ணனிடம் காட்டினார். அவர் தலையசைத்ததும் இடுப்பில் செருகிக்கொண்டார். துணியில் சுற்றிய சிங்கமுகத்தோடு அம்மாசி முதலில் நுழைந்தார். சுஜாதா குனிந்து பின்னால் போனார். பெரியண்ணன் கதவைச் சாத்தி, நாதாங்கியை மாட்டி, பூட்டினார்.