மாடல் சொன்ன முதல் ஜோடி

"கல்யாணத்துக்குச் சம்மதம். ஆனா ஒரு கண்டிஷன்."

"சமையலா? நானே பண்ணிடுறேன்."

"அது இல்ல. நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆய்வுக் கட்டுரைகூட எழுதக்கூடாது. எழுதினா, நான் எதைச் செஞ்சாலும் வீட்டுக்காரர் செஞ்சு கொடுத்ததுன்னுதான் பேசுவாங்க."

"அவ்வளவுதானே?" என்று அன்று கேன்டீனில் தலையாட்டியவன்தான், இன்று அரங்கின் கடைசி வரிசையில் நகம் கடித்துக்கொண்டிருந்தான்.

மேடையில் அவள். எந்த ஆராய்ச்சியாளர் நாளை யாரோடு சேர்ந்து எழுதுவார் என்று, இதுவரை சேர்ந்து எழுதியவர்களின் வலையைப் பார்த்தே கணிக்கும் கணினி மாடல் அவளுடையது. கடந்த இரண்டு வருடக் கட்டுரைகளை அதன் கண்ணில் காட்டாமல் தேர்வுக் குழு பூட்டி வைத்திருந்தது. பெயர்களுக்குப் பதில் எண்கள்தான் கொடுத்திருந்தார்கள். கணிப்பு பொய்த்தால் அவளுடைய ஆய்வுக் குழுவுக்கு இந்த மாதத்தோடு மூடுவிழா.

கடைசிக் கணிப்பிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொன்றாகத் திரையில் திறந்தார்கள்; பலித்தால் பச்சை, பொய்த்தால் சிவப்பு. பச்சை, பச்சை, ஒரு சிவப்பு, மறுபடியும் வரிசையாகப் பச்சை. அரங்கில் முணுமுணுப்பு கூடியது. மாடல் மிக உறுதியாகச் சொன்ன முதல் ஜோடி திறந்தது. சிவப்பு. பக்கத்தில் இரண்டு பெயர்கள்: அவளுடையதும் அவள் கணவனுடையதும்.

தேர்வுக் குழுத் தலைவர் இடக்குப் பேச்சுக்குப் பேர் போனவர். "என்னம்மா, தலைப்பிள்ளையே ஊத்திக்கிச்சே?"

கடைசி வரிசையில் அவன் ஷூ லேஸ் கட்டக் குனிந்தான். போட்டிருந்தது செருப்பு.

அவளுக்கு முகம் சுட்டது. ஆனாலும் மைக்கை விடவில்லை.

"மாடல் சரியாத்தான் சொல்லியிருக்கு சார். அவர் மண்ணுக்குள்ள வேருக்கு வேர் ஓடுற பூஞ்சை வலையை ஆராய்றார். நான் வலைகளைக் கணக்குப் போடுறேன். எங்க ரெண்டு பேரோடயும் தனித்தனியா எழுதினவங்க இந்தக் கட்டடத்துல பாதிப் பேர். நாங்க மட்டும் எழுதாததுக்கு, என் வேலையை அவர் செஞ்சதுன்னு யாரும் பேசிடக்கூடாதுன்னு நான் போட்ட கண்டிஷன்தான் காரணம். அவர் என் வீட்டுக்காரர்."

அரங்கம் சிரிப்பில் குலுங்கியது. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்போ மாடல் பாஸ். ஃபெயிலானது நீங்க ரெண்டு பேரும்தான். இதுல ஒரு வரிகூட அவரோடது இல்லைன்னு உங்க வலையே சாட்சி சொல்லுது, போதுமா?"

கைதட்டல் ஓய நேரமாயிற்று. அவள் குழு பிழைத்தது. யாரோ அவள் கையைக் குலுக்க, யாரோ தோளைத் தட்ட, ஒருவழியாக அவள் வராந்தாவுக்கு வந்து சேர்ந்தாள்.

அங்கே அவன் நின்றிருந்தான். கையில் சுருட்டிய பெரிய காகிதம். அவள் வரும்போதெல்லாம் சாப்பாட்டு மேஜையிலிருந்து அவன் அவசரமாகச் சுருட்டி எடுக்கும் அதே காகிதம். மனுஷனுக்கு ஒழுங்கு வந்துவிட்டது என்றே இத்தனை வருடமும் அவள் நம்பியிருந்தாள். சுவரில் வைத்து அவன் விரித்தான். வேர்களுக்கு நடுவே ஆயிரம் பூஞ்சை இழைகள். கணக்குப் போட ஆள் இல்லாத வலை.

"இத எப்பவோ காட்டியிருக்கலாம்ல?"

"கண்டிஷன் இருந்துச்சே, மேடம்."

அவள் இழைகளை விரலால் தொடர்ந்தாள். அவன் தொண்டையைச் செருமினான்.

"உன் பேரு முதல்ல இருக்கட்டும். நாம சேர்ந்து ஒண்ணு எழுதலாமா?"